பாபி ஹர்லியின் ஆட்டத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி – வெளிக்கோடு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பழைய ஆட்டப் பதிவுகளை அண்மைக் காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். டியூக் பல்கலைக்கழக அணியில் 1989 முதல் 1993 வரை பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக) ஆடிய பாபி ஹர்லியைப் பற்றி ஓர் ஐயம் எழுந்தது. நான்கு ஆண்டுகளில் 1,076 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழி செய்த பகிர்வு), 1991, 1992 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள், அவற்றில் இரண்டாவது பட்டத்தின்போது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது என்று கல்லூரியில் அவர் தொடாத உயரம் இல்லை. ஆனால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஐந்து பருவங்கள் ஆடியும், ஓர் ஆட்டத்துக்கு நான்கு புள்ளிகளைக்கூட எட்டாத சராசரியோடு ஒதுங்கிவிட்டார். இதற்கு 1993 டிசம்பரில் நடந்த கார் விபத்து ஒன்றுதான் காரணமா? அல்லது கிறிஸ்டியன் லேட்னர், கிரான்ட் ஹில் போன்ற சிறந்த சக வீரர்கள் பக்கத்தில் இருந்ததால்தான் கல்லூரியில் அவருடைய எண்ணிக்கை அவ்வளவு உயர்ந்ததா? ஆட்டங்களைப் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 – நடுக்களம்

வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு எண்களே விடை சொல்கின்றன என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஹர்லி முதலாண்டில் 288, இரண்டாமாண்டில் 289, மூன்றாமாண்டில் 237, நான்காமாண்டில் 262 அசிஸ்ட் கொடுத்தார். ஆண்டுதோறும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை மாறுவதால் சராசரியைப் பார்ப்பதே முறை. முதல் மூன்று ஆண்டுகளிலும் ஆட்டத்துக்கு ஏழரையை ஒட்டியே இருந்த அந்தச் சராசரி, கடைசி ஆண்டில்தான் எட்டைத் தாண்டியது. லேட்னர் 1992இலேயே படிப்பை முடித்து என்பிஏவுக்குப் போய்விட்டார். 1993இல் ஹில்லும் கால் காயத்தால் சில ஆட்டங்களில் இறங்கவில்லை. துணை குறைந்த ஆண்டில் அசிஸ்ட் கூடியிருக்கிறது என்றால், அந்த எண்ணிக்கை பிறர் தயவால் வந்தது என்று சொல்ல இடமில்லை.

லேட்னர் போன்ற ஒருவர் வளையத்தருகே நிற்பது எந்தப் பாயிண்ட் கார்டுக்கும் பலம்தான். ஆனால் ஹர்லியின் தனித்தன்மை அதற்கு முன்பே தொடங்கிவிடும். எதிரணி தவறவிட்ட பந்தை டியூக் வீரர் ரீபவுண்டாகப் பிடித்ததும், ஹர்லி கைக்குப் பந்து வந்த முதல் இரண்டு அடியிலேயே அவர் தலை நிமிர்ந்திருக்கும். தடுப்பாட்டம் திரும்பி வந்து வரிசை கட்டுவதற்குள் நடுக்கோட்டைக் கடந்து, ஓரமாக ஓடிவருபவருக்கு முன்னால், அவர் வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் பந்தைத் தரையில் தட்டி அனுப்பிவிடுவார். ஆறடி உயரமும் ஒல்லியான உடலும் கொண்ட ஒருவர் பெரிய உடல்களுக்கு நடுவே பிழைத்ததற்கு இந்த முன்கூட்டிய முடிவெடுப்பே காரணம் என்பது என் கருத்து.

இந்தப் பழக்கம் டியூக்கில் வந்ததன்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் செயின்ட் அந்தோணி பள்ளி அணிக்குப் பயிற்சியளித்தவர் அவருடைய தந்தை பாப் ஹர்லி. சொந்த உள்ளரங்கம்கூட இல்லாத அந்தச் சிறிய பள்ளிக்கு 26 மாநிலப் பட்டங்களைப் பெற்றுத் தந்து, 2010இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர் அவர். மகன் ஆடிய கடைசி ஆண்டான 1989இல் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

பதில் 2 – கோட்டோர வீச்சு

மேலே எழுதிய நண்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். விபத்தைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

என்பிஏ அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1993 தேர்வில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி ஹர்லியை ஏழாவதாக எடுத்தது. அந்த டிசம்பர் 12ஆம் நாள் இரவு, சொந்த அரங்கில் கிளிப்பர்ஸ் அணியோடு ஆடிவிட்டு அவர் வீடு திரும்பும்போது, முகப்பு விளக்கு எரியாமல் வந்த ஒரு வண்டி குறுக்குச் சாலையில் அவருடைய வண்டியின் மீது மோதியது. இருக்கைப் பட்டை அணியாததால் அவர் வெளியே தூக்கி வீசப்பட்டு ஒரு வடிகாலில் விழுந்தார். மூச்சுக்குழல் இடது நுரையீரலிலிருந்து அறுபட்டிருந்தது. அந்த நிலையிலிருந்து மீண்டு அடுத்த பருவத்திலேயே மறுபடி களமிறங்கியதை நான் ஒரு பட்டத்துக்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

விபத்துக்கு முன் அவர் ஆடிய என்பிஏ ஆட்டங்கள் 19 மட்டுமே. அவற்றில் சராசரி 7.1 புள்ளிகள், 6.1 அசிஸ்ட். பந்தைப் பகிர்வதில் அவர் அந்த மட்டத்துக்கும் தகுதியானவர் என்பதை இரண்டாவது எண் காட்டுகிறது. தன்னைவிட உயரமான தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிக் கூடையில் போட அவர் திணறியதை முதல் எண் காட்டுகிறது. ஆகவே விபத்து இல்லாவிட்டால் அவர் நட்சத்திரமாகியிருப்பார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பத்தாண்டுகளாவது ஒரு நல்ல அணியை நடத்தியிருப்பார் என்றே நம்புகிறேன். உடல் தேறிய பிறகும் முதல் அடியிலேயே இருந்த அந்தப் பழைய வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை.

வெளிக்கோடு (கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. இன்னொன்று: 1990 இறுதியாட்டத்தில் நெவாடா-லாஸ் வேகஸ் அணியிடம் 103-73 என்று டியூக் தோற்றபோது, ஹர்லி மிகத் தளர்ந்து தெரிந்தார். மறு ஆண்டே அதே அணியை அவர்கள் வீழ்த்தியது எப்படி?

பதில் 3 – நடுக்களம்

அந்த 1990 இறுதியாட்டத்தன்று அவருக்கு வயிற்றுக் கோளாறு. எடுத்த புள்ளிகள் இரண்டே. ஆனால் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நடுவர் விசில் ஊதினாலோ சக வீரர் பந்தைத் தவறவிட்டாலோ ஹர்லி முகத்தைச் சுளிப்பார், கையை விரிப்பார். ஆட்டத்தை நடத்துபவரின் முகத்தைத்தான் மற்ற நால்வரும் பார்ப்பார்கள் என்பதால், அந்த முகபாவங்களை மட்டும் தொகுத்து ஒரு காணொளி நாடாவாக்கி அவருக்கே போட்டுக் காட்டினார்கள். ஒரு பயிற்சியாளர் செய்யக்கூடிய மிகச் சிறந்த திருத்தங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

1991 அரையிறுதியில் அதன் பலனைக் காணலாம். தொடர்ந்து 45 ஆட்டங்களில் வென்று வந்திருந்த லாஸ் வேகஸ் அணி, இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் மிச்சமிருக்கையில் 76-71 என முன்னிலையில் இருந்தது. ஹர்லி பந்தை எதிரணியின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, யாருக்கும் கொடுக்காமல், தயங்காமல், மூன்று புள்ளி தரும் தொலைவீச்சு ஒன்றை எறிந்து உள்ளே போட்டார். டியூக் 79-77 என வென்றது. ஆட்டம் கைநழுவும் கட்டத்தில் தானே எறிவதா, பகிர்வதா என்று தெரிந்திருப்பதும் பாயிண்ட் கார்டின் வேலைதான். எறிந்தபோது அந்த முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

பதில் 4 – மூன்றாம் மணி

கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிகமான 1,076 அசிஸ்ட் என்ற ஹர்லியின் சாதனை 30 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்ததற்கு இன்னொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். ஹர்லி நான்கு ஆண்டுகளும் கல்லூரியில் இருந்தார், முதல் நாளிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஒருவராக இருந்தார், அணியும் ஆண்டுதோறும் தேசியப் போட்டியில் நெடுந்தூரம் சென்றதால் ஆட ஆட்டங்கள் கிடைத்தன. மொத்தம் 140 ஆட்டங்கள். பின்னாளில் வந்த திறமைசாலிகள் ஓரிரு ஆண்டுகளிலேயே என்பிஏவுக்குப் போய்விட்டதால் அவர்களுக்கு இந்தக் கணக்கு கூடி வர வழியே இல்லாமல் போனது. 1993இல் டியூக்கை 82-77 எனத் தோற்கடித்து ஹர்லியின் கல்லூரி ஆட்டத்தை முடித்துவைத்த கலிபோர்னியா அணியின் ஜேசன் கிட் இரண்டே ஆண்டுகளில் புறப்பட்டுவிட்டார். அந்தக் கடைசி ஆட்டத்திலும் ஹர்லி 32 புள்ளிகள் எடுத்தார்.

கேட்டவர் இன்னும் பதிவுகள் தேடுவதானால், 1992 அரையிறுதியில் இண்டியானாவுக்கு எதிரான ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். லேட்னர் எட்டுப் புள்ளிகளோடு முடங்கிப் போன நாள் அது. ஹர்லி மூன்று புள்ளி வீச்சுகள் ஆறு உட்பட 26 புள்ளிகள் எடுத்து, 81-78 என அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார்.