அச்சடிப்பதா, தானா முளைக்க விடுவதா? ஆய்வகத் திசுவுக்கு ரத்தக் குழாய்

வெண்ணாறு: 200 மைக்ரானை (0.2 மி.மீ.) தாண்டி ஆக்சிஜன் ஊறாது, தடிமனான திசுவின் நடுப்பகுதி செத்துடும். அதனால குழாயை அச்சடிக்கிறதுதான் என் கட்சி. குளிர்ல திரவமாவும் அறை வெப்பத்துல கெட்டியாவும் இருக்குற ப்ளூரானிக் எஃப்-127 ஜெல்லை 40% எடுத்துக் குளிர்ல கரைச்சு, அறை வெப்பத்துல அச்சு ஊசியால கோடு இழுங்க. சுத்தி செல் கலந்த ஜெலட்டின்-ஃபைப்ரின் (புரத ஜெல்) ஊத்தி, டிரான்ஸ்குளுட்டமினேஸ்ங்கிற நொதி போட்டு இறுக்குங்க. 4 டிகிரிக்கு இறக்கினா கோடு உருகி வெளியே வந்துடும், அந்த இடத்துல வெற்றுக் குழாய் மிஞ்சும். ஹார்வர்டுல 2016லயே இப்படி 1 செ.மீ.க்கு மேல தடிமனான திசுவை ஆறு வாரம் ஓட்டிட்டாங்க.

முடிச்சு: அது வாய்க்கால், தந்துகி (மிக நுண்ணிய ரத்தக் குழாய்) கிடையாது. தந்துகி 5–10 மைக்ரான், அந்த அளவுக்கு ஊசி எங்கே? செல்லே கட்டிக்கட்டும். மி.லி.க்கு, தொப்புள்கொடி எண்டோதீலியல் செல் (ரத்தக் குழாயோட உள்சுவர் செல்) 60 லட்சம், நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) 15 லட்சம், ஃபைப்ரினாகுற புரதமான ஃபைப்ரினோஜன் 3 மி.கி., அதை உறைய வைக்கிற நொதி த்ராம்பின் 1–2 யூனிட். த்ராம்பின் விழுந்ததும் கலவையைச் சட்டுனு வளர்ப்புக் கருவிக்குள்ள ஏத்திடுங்க, தாமதிச்சா பிப்பெட் நுனியிலேயே தயிராயிடும். ஒரு வாரத்துல வலை தயார்.

வெண்ணாறு: பம்ப்பை எங்கே மாட்டுவீங்க? ஃபைப்ரோபிளாஸ்ட் கூடிப்போனா ஜெல் சுருங்கிக் கருவியோட சுவரை விட்டு விலகும். திரவம் அந்த இடுக்கு வழியா ஓடும். ஓட்டம் இருக்கும், திசு பட்டினி கிடக்கும்.

முடிச்சு: 70 கிலோடால்டன் எடையுள்ள ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (பெரிய சர்க்கரை மூலக்கூறு) விட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும். கோடு கோடா மின்னினா குழாய், மங்கலாப் பரவினா ஒழுகல். உங்க வாய்க்கால்ல செல் அடிப்பக்கம் மட்டும்தானே படியும்?

வெண்ணாறு: மி.லி.க்கு 1 கோடி எண்டோதீலியல் செல்லை வாய்க்காலுக்குள்ள ஏத்தி, அரை மணி கழிச்சுத் தலைகீழாத் திருப்புங்க. ப்ளூரானிக் மிச்சம் இருந்தா மட்டும் எதுவும் ஒட்டாது. நல்லா கழுவணும்.

குறுக்குச்சால்: ஓட்டத்தைப் பத்தி ரெண்டு பேருமே வாயைத் திறக்கலையே! 400 மைக்ரான் விட்டமுள்ள குழாய்ல திரவம் சுவரை உராயுற விசை 5 டைன்/ச.செ.மீ. வேணும்னா நிமிஷத்துக்குச் சுமார் 270 மைக்ரோலிட்டர். அதே ஓட்டத்தை 200 மைக்ரான்ல விட்டா உராய்வு 8 மடங்கு, புதுசா ஒட்டின செல் உரிஞ்சு வந்துடும். மெதுவா ஏத்துங்க. சண்டையை விட்டுட்டு, வெண்ணாறோட வாய்க்காலைச் சுத்தி முடிச்சோட கலவையையே ஊத்தினா என்ன?

முடிச்சு: ஊத்தலாம். ஆனா வலை தானா வாய்க்கால்ல போய்த் திறக்காது. ஜெல் விளிம்புலயும் எண்டோதீலியல் செல்லைப் பூசணும், அப்பத்தான் ரெண்டும் கைகோக்கும்.

வெண்ணாறு: அதுக்குள்ள ஃபைப்ரின் கரைஞ்சுட்டா?

முடிச்சு: ஃபைப்ரின் கரையுறதைத் தடுக்கிற அப்ரோட்டினின் கலந்தா தாங்கும். ரொம்பப் போட்டா செல் வழி வெட்டிப் போறதும் நின்னுடும். அதனால அரை அளவு, கால் அளவுன்னு தனித்தனிக் கிணறுல வச்சு, டெக்ஸ்ட்ரான் ஓடுற அளவை எடுத்துக்குங்க.