கட்டுநாயக்கவில் இரவு இறங்கி நிலாவெளி ரிசோட்டுக்குப் போக வேண்டும், தனி வான் எப்படிப் பிடிப்பது?

திருமலைமகள்:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் கிழமை ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வருகிறோம். நான், கணவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் எங்களோடு இருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் வருத்தம், உயரமான படி என்றால் ஏறவே மாட்டார். திருகோணமலையில் எங்களுக்கு இப்போது வீடு இல்லை, இருந்த சொந்தக்காரரும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அதனால்தான் முதல் தடவையாகச் சொந்த ஊரில் ரிசோட்டில் அறை எடுத்திருக்கிறோம், நிலாவெளியில் ஆறு இரவு, காசும் கட்டியாயிற்று.

விமானம் இரவு 9.40க்கு இறங்குகிறது. அம்மா சொல்கிறார், எங்கேயும் நிற்க வேண்டாம், நேரே திருமலைக்குப் போனால் விடியும்போது கடலைப் பார்க்கலாம் என்று. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. தனி வாகனத்துக்கு மூன்று இடத்தில் கேட்டேன். ரிசோட்காரர் சொன்ன விலைதான் கூட. ஓர் இணையத்தளம் குறைவாகச் சொல்கிறது, ஆனால் முழுக் காசையும் கார்டில் இப்பவே கட்ட வேண்டுமாம். தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு அண்ணா இரண்டுக்கும் நடுவில் சொல்கிறார், அட்வான்ஸ் வேண்டாம், வந்து தாருங்கள் என்கிறார். யாரை நம்புவது? காசைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை, பிள்ளைகளும் அம்மாவும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அண்மையில் இப்படிப் பயணம் செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புவெளி வான்காரன்:

தங்கச்சி, நான் உப்புவெளியில் இருந்து பதினொரு வருடமாக எயார்போர்ட் ஹயர் ஓடுகிறேன். உங்கள் ஹயரை எடுப்பதற்காக இதை எழுதவில்லை, அந்தக் கிழமை எனக்கு ஏற்கனவே நல்லூர்த் திருவிழா ஓட்டம் இருக்கிறது. யாரிடம் பிடிப்பது என்பதை விட, இரவோடு இரவாக வருவதா என்பதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் வராதீர்கள்.

9.40க்கு இறங்கினால் குடிவரவு முடித்து, பெட்டி எடுத்து, பிள்ளைகளை மூத்திரத்துக்கு விட்டு வெளியே வர எப்படியும் 11 மணி ஆகும். கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளிக்குக் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். மீரிகமவில் ஹைவேயில் ஏறிக் குருநாகலில் இறங்கினால் முன்பு போல இழுபடாது, 2022இல் அந்தத் துண்டைத் திறந்த பிறகு எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதற்குப் பிறகு தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் எல்லாம் பழைய ரோட்டுதான். நீங்கள் ஹபரணையைத் தாண்டும்போது விடியச்சாமம் மூன்று மணி. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் காடு. யானை ரோட்டோரத்தில் கறுப்பாக நிற்கும், வெளிச்சம் படும்வரை அது யானை என்றே தெரியாது. பகலில் என்றால் தூரத்திலேயே கண்டு, நிறுத்தி, கோர்ன் அடிக்காமல் அது போகும்வரை காத்திருப்போம். இரவில் காண்பதற்கும் பிரேக் அடிப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

யானையை விடப் பெரிய ஆபத்து சாரதியின் நித்திரை. இதைச் சாரதிமார் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். உங்களை இரவு 11 மணிக்கு ஏற்ற வேண்டும் என்றால் திருமலையிலிருந்து நான் பிற்பகல் மூன்று மணிக்காவது இறங்க வேண்டும், பிளைட் நேரத்துக்கு முன்னரே வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் முன்னுக்கே வெளிக்கிடுவேன். அன்று காலையில் ரயிலடிக்கு ஒரு சின்ன ஓட்டம் வந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டேன். அப்படிப் பார்த்தால் உங்களை ஏற்றும்போதே ஐந்தாறு மணிநேரம் ஓடிவிட்டு வந்தவன் நான். நாலு வருடத்துக்கு முன் அப்படி ஒரு இரவில் கந்தளாய் தாண்டி வரும்போது பின்னால் இருந்த ஐயா என் தோளைத் தட்டினார். வான் வெள்ளைக் கோட்டுக்கு வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இரண்டு மூன்று செக்கன் ஞாபகமே இல்லை. எதிரே லொறி வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு இரவு எட்டு மணிக்குப் பின் ஏற்றும் திருமலை ஓட்டம் நான் எடுப்பதில்லை, எவ்வளவு தந்தாலும்.

நீர்கொழும்பு எயார்போர்ட்டுக்குப் பக்கத்தில்தான். அங்கே ஒரு இரவு படுங்கள். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு நிலாவெளி. ரிசோட்டில் அறை தருவதும் எப்படியும் பிற்பகலில்தான்.

விலை ஏன் ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்று கேட்டீர்களே, அதையும் சொல்கிறேன். போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம், மொத்தம் 500 கிலோமீற்றர். என் வான் ஏசி போட்டு ஓடினால் லீற்றருக்கு ஒன்பது பத்துதான் தரும். அப்படியானால் 50 லீற்றருக்கு மேல் டீசல். அன்றைய டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள், அதற்கு மேல் சாரதியின் கூலி, ஹைவே காசு, சாப்பாடு. உங்களுக்குச் சொன்ன விலை இந்தக் கணக்குக்கு ஒட்டியே வருகிறது என்றால், அந்த மனிதர் திரும்பும் வழிக்கு இன்னொரு ஓட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்போது அவருக்கு நித்திரைக்கு நேரம் எங்கே?

---

அலஸ்தோட்டத்துப் பிள்ளை:

அக்கா, நான் இங்கே ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் வேலை செய்கிறேன், தினமும் பிற்பகலில் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். அண்ணா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். புக் பண்ணும்போது நடக்கும் பிழைகளை நான் சொல்கிறேன்.

முதலாவது, இடம். இணையத்தளத்தில் போய்ச் சேரும் இடம் "திருகோணமலை" என்று மட்டும் போட்டால் விலை டவுனுக்குத்தான். நிலாவெளி டவுனிலிருந்து இன்னும் 15 கிலோமீற்றர் வடக்கே, உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவுப் பாலம் தாண்டிப் போக வேண்டும். போன மாதம் ஒரு குடும்பம் எங்கள் கேற்றடியில் நின்று அழாக்குறை. முற்பணம் முழுக்கக் கட்டியிருந்தார்கள், சாரதி டவுன் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்தி இனிமேல் கூடக் காசு என்றாராம். சாரதியிலும் பிழை சொல்ல முடியாது, அவருக்குக் கொழும்பு அலுவலகம் அனுப்பிய தாளில் டவுன் என்றுதான் இருந்தது. இன்னொன்று, இங்கே பாதி இடத்துக்குப் பெயரில் நிலாவெளியும் பீச்சும் இருக்கும். உப்புவெளியில் இருக்கும் விடுதிக்கு நிலாவெளிப் பெயர், இறக்கக்கண்டிக்குக் கிட்டே இருப்பதற்கும் நிலாவெளிப் பெயர். ரிசோட்டுக்கு நீங்களே அழைத்து எத்தனையாம் கட்டை (மைல்கல்), எந்த ஒழுங்கை என்று கேட்டு, மேப் பின்னையும் வாங்கி, வான்காரருக்கு வட்ஸ்அப்பில் போடுங்கள். "பத்தாம் கட்டை தாண்டி கடற்கரைப் பக்கம்" என்று சொன்னால் ஊர்ச் சாரதிக்கு மேப்பே தேவையில்லை.

இரண்டாவது, வாகனத்தின் படம் கேளுங்கள், இணையத்தில் இருக்கும் படம் இல்லை, அன்று வரப்போகும் வாகனத்தை நம்பர் பிளேட்டோடு எடுத்த படம். உள்ளேயும் ஒரு படம். நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது என்கிறீர்கள், சில வான்களில் பின் சீற் பெல்ட் சீற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கும், மேலே துணிக் கவர் போட்டுத் தைத்துவிட்டிருப்பார்கள். பெல்ட்டை வெளியே இழுத்து வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைக்கான சீற் உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், இங்கே கிடைக்கும் என்று இருக்க வேண்டாம். அந்த வானுக்கு ஹயருக்கு ஓட இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுப் பாவனைக்கு மட்டும் காப்புறுதி எடுத்த வாகனத்தை ஹயருக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கேடிஎச் வானில் (டொயோட்டா ஹையேஸ்) படி உயரம், அதுவும் பக்கக் கதவால் குனிந்து ஏற வேண்டும். ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருக்கச் சொன்னால் போதும். ஐந்து பேரின் பெட்டிகளுக்குக் கார் சரிவராது, வான்தான்.

---

தம்பலகாமம்:

நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள், ஆனால் எல்லோராலும் இன்னொரு இரவுக்கு அறை எடுக்க முடியாது. வான் இல்லாமல் வருவதென்றால் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுத் தபால் ரயில் இருக்கிறது, விடிய விடியத் திருமலைக்கு வரும், யாரும் கண்விழித்து ஓட்ட வேண்டிய கவலை உங்களுக்கு இல்லை. தனியாளாக வந்தபோதெல்லாம் நான் அதில்தான் வந்தேன். ஆனால் 9.40க்கு இறங்குபவருக்கு அன்றைய ரயில் கிடைக்காது, கிடைத்தாலும் கோட்டை ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் அம்மாவை ஏற்ற முடியாது. திருமலைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனக்குடாவுக்குச் சின்ன விமானத்தில் வருவது பற்றியும் சிலர் சொல்வார்கள், ஐந்து பேரின் பெட்டிகளை அதில் கொண்டுவரவே முடியாது. ஆக உங்களுக்கு வான்தான் சரி.

நாளைப் பற்றி ஒன்று. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான், 25 நாள் ஓடும், தேர் தீர்த்தம் நெருங்கினால் கிழக்கில் நல்ல வான் ஒன்றும் நிற்காது. கண்டிப் பெரஹராவும் கிட்டத்தட்ட அதே காலம். அதனால் இப்பவே பேசி முடியுங்கள், ஜூலை கடைசியில் தேடினால் மிஞ்சியதுதான் கிடைக்கும். அப்புறம், ஹபரணையைப் பிற்பகலுக்கு முன்னரே தாண்டிவிடப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளத்தில் யானைகள் கூடும் காலம், மூன்று மணிக்குப் பிறகு அந்தச் சந்தியில் சபாரி ஜீப்புகள்தான். வழியில் யானை நின்றால் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து பழம் நீட்ட விடாதீர்கள். அப்படி நீட்டிப் பழக்கித்தான் அவை ரோட்டுக்கே வந்து நிற்கின்றன.

---

திருமலைமகள்:

உங்கள் மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வான்கார அண்ணா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். தோளைத் தட்டிய இடத்தில் அம்மா கையை மறித்து "போதும், நீர்கொழும்பில் படுப்போம்" என்று சொல்லிவிட்டார்.

இணையத்தளத்தில் பார்த்தேன், அலஸ்தோட்டத்துத் தங்கச்சி சொன்னது போலவே போய்ச் சேரும் இடம் டவுன் என்றுதான் இருக்கிறது. விட்டுவிட்டேன். ரிசோட்டில் பேசினேன், அவர்கள் கொழும்பில் இருக்கும் ஒரு கொம்பனிக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள், யார் வருவார் என்று அவர்களுக்கே முதல் நாள்தான் தெரியுமாம். அந்தத் தெரிந்த அண்ணாவிடம் படங்கள் கேட்டேன், பத்து நிமிடத்தில் நாலு படம் வந்தது, பெல்ட் எல்லாம் வெளியே இழுத்து வைத்து, கீழே ஒரு நீல நிற ஸ்டூலும். நான் ஸ்டூல் பற்றிக் கேட்கவே இல்லை, தன் தாயை ஏற்றுவதற்கு வைத்திருக்கிறாராம்.

இன்னும் ஒரு கேள்வி. இரவு எங்களை நீர்கொழும்பில் இறக்கிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏற்ற வேண்டும் என்றால் அவர் எங்கே படுப்பார்? கேட்டதற்கு, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம், வானுக்குள்ளேயே படுப்பேன் என்கிறார். அது சரியா?

---

உப்புவெளி வான்காரன்:

சரியில்லை தங்கச்சி. ஆகஸ்டில் நீர்கொழும்பு வெக்கையில் வானுக்குள் ஒருவரும் நித்திரை கொள்வதில்லை. நுளம்புக்குக் கண்ணாடியை ஏற்றுவோம், மூச்சு முட்டும், பிறகு இறக்குவோம், அப்படியே விடிந்துவிடும். நீங்கள் இரவுப் பயணத்தைத் தவிர்த்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ஹோட்டலில் அறை எடுக்கும்போதே சாரதிக்கு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் வரும் ஹோட்டல்கள் பலவற்றில் சாரதிமாருக்கென்று கட்டில் போட்டு வைத்திருப்பார்கள், சில இடத்தில் சும்மா, சில இடத்தில் சின்னக் காசு. இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இரவு எயார்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு அங்கே நிற்கும் டாக்சியில் போய்விடுங்கள், கிட்டத்தில்தானே. உங்கள் சாரதியைத் திருமலையிலிருந்து முதல் நாள் பகலிலேயே இறங்கி, சொந்தக்காரர் வீட்டிலோ வேறெங்கோ படுத்து எழும்பி வரச் சொல்லுங்கள். விமானம் பிந்தினாலும் அவருடைய இரவு கெடாது.

---

திருமலைமகள்:

ஹோட்டலில் கேட்டேன், சாரதி அறை இருக்கிறது, மூன்று கட்டில், மின்விசிறி, இரவுச் சாப்பாடும் தருவார்களாம். அண்ணாவுக்கு ஒரு கட்டில் சொல்லி வைத்துவிட்டேன், அறைக்காசு எங்கள் கணக்கில். காலை ஆறுக்குப் பதிலாக ஆறரை என்று மாற்றியிருக்கிறேன், அவர் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். வழியில் கந்தளாயில் மட்டும் நிறுத்துவோம், அம்மாவுக்குச் சட்டித் தயிர் வாங்க வேண்டுமாம்.