பழைய பிக்கப்பில் கேபின் தூக்கும்போது நீங்கள் பார்த்தது என்ன? அனுபவங்களை எழுதுங்கள்

நாகலூர் தோட்டத்துக்காரன்

எங்களுடையது டாடா 207 பிக்கப் வண்டி. காப்பி மூட்டை, மிளகு, உரம் எல்லாம் அதில்தான் போகும், வரும். ஏற்காட்டு மழையும் பனியும் தகரத்தை என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேபினுக்கு அடியில் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடித்து, சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. கேபினைத் தூக்காமல் வெல்டிங் வைக்க முடியாது என்றார் மேஸ்திரி. காலி வண்டியாக 20 கொண்டை ஊசி வளைவையும் மெதுவாக இறக்கி, கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டோம்.

அவர்கள் கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கதவு வழியாகவும் மரச்சட்டம் செலுத்தி, பெல்ட் போட்டு, மேலே இருக்கும் இரும்பு உத்தரத்தில், அதாவது கர்டரில், சங்கிலியை இழுத்து எடை தூக்கும் செயின் பிளாக் மாட்டினார்கள். கேபினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் எல்லா மவுண்டிங்கிலும் நட்டு கழற்றியாகிவிட்டது. சங்கிலியை இழுக்க இழுக்க வலது பக்கம் எழும்பியது. இடது முன்மூலை மட்டும் வரவில்லை. அங்கே ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் முழங்கை வரை கையை விட்டுத் தடவினான்.

"கையை எடுறா!" என்று மேஸ்திரி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவன் எடுத்தான். எடுத்த உடனே டொம்மென்று கேபின் துள்ளி எழுந்து, இடது பக்கம் ஆடி, சேசிஸில் மோதித் திரும்பியது. அவன் கை இருந்த இடத்தில் தகரம் உள்ளே மடங்கிக் கிடந்தது.

நட்டு போயிருந்தாலும் போல்ட்டின் தண்டு, ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருந்திருக்கிறது. இழுத்த இழுப்பெல்லாம் அந்த ஒரு மூலையில் சேர்ந்து நின்று, விட்டதும் துள்ளிவிட்டது. பையன் சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போனான். எனக்கு அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் பக்கம் இதை எப்படிச் செய்கிறார்கள்? கேபின் சங்கிலியில் இருக்கும்போது பக்கத்தில் யாரை நிற்க விடுகிறார்கள்?


அம்மாபேட்டை டிங்கர்

தோட்டத்துக்கார அண்ணா, அந்தப் பையன் கை பிழைத்ததே போதும். ஆனால் கதவைக் கழற்றிவிட்டுச் சட்டம் செலுத்தியதாகத் தெரிகிறது. அப்படி என்றால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இந்தத் தொழில் கற்றுக்கொண்ட பட்டறையில் ஒரு பழைய ஜீப் பிக்கப் வந்தது. கொண்டு வந்தவர் அப்பா ஓட்டிய வண்டி என்று விற்காமல் வைத்திருந்தவர். எடை குறையட்டும் என்று இரண்டு கதவையும் கழற்றினார்கள். படிக்குக் கீழே இருக்கும் பெட்டிச் சட்டம் பெயிண்டுக்குள்ளேயே மக்கிப்போயிருந்ததை யாரும் குத்திப் பார்க்கவில்லை.

ஒரு சாண் உயரம்கூடத் தூக்கவில்லை. கதவு இருந்த இடைவெளி கண் முன்னாலேயே கீழே அகன்று, மேலே குறுகியது. அடித்தகடு நடுவில் அப்பளம்போல நொறுங்கியது. முன் கண்ணாடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரிசல் விட்டது. வண்டிக்காரர் ஓடி வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார், விரிசலை நிறுத்திவிடலாம் என்பதுபோல. யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் அந்தக் கேபினில் எந்தக் கதவும் சரியாக உட்காரவே இல்லை.

கதவைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் ஒன்றரை இஞ்ச் ஆங்கிள் எடுத்து, கதவு இடைவெளியில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, கேபின் திரும்ப உட்கார்ந்து, போல்ட் முறுக்கி, கதவு மாட்டிப் பார்த்த பிறகே அதை வெட்டி எடுக்க வேண்டும்.


செம்மநத்தம் டிரைவர்

கீழே கர்டர் இருக்கிறது, கட்டுகிறீர்கள். மலையில் எங்களுக்கு வாசலில் மரம்தான். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் நேராக, உயரமாக இருக்கும். எங்கள் முதலாளி வீட்டுத் தம்பி, அதன் கிளையில் பிளாக்கைத் தொங்கவிடலாம் என்றார். சில்வர் ஓக் கிளை காற்றுக்கே படக்கென்று ஒடியும் என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். பைப் முக்காலி நிறுத்திக் கால்களைச் சங்கிலியால் கட்டினோம். அது நல்லபடியாக நின்றது.

நான் சொல்ல வந்தது அது இல்லை. கேபின் எழும்பியதும் கீழே சேசிஸ் தானாக நகர ஆரம்பித்தது. காப்பி காயப்போடும் களம் பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் வைத்திருப்பார்கள் இல்லையா? ஹேண்ட் பிரேக் லீவர் கேபினில் இருக்கிறது, அதன் கேபிளைக் கழற்றியாயிற்று. பெடலும் மேலே போய்விட்டது. கியர் நியூட்ரலில் இருந்தது. அந்த நேரத்தில் வண்டிக்கு எந்தப் பிடியும் இல்லை. அடைப்புக் கல்லும் ஒரு பக்கம் மட்டும்தான் வைத்திருந்தார்கள். இன்ஜினோடு சேசிஸ் முக்காலியின் ஒரு காலை நோக்கி மெதுவாக, சத்தமே இல்லாமல் உருண்டது. அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எல்லோரும் மேலே கேபினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பிப் பழம் காயப்போட வந்த அம்மா ஒருவர்தான் "வண்டி போகுதுங்க, வண்டி போகுதுங்க" என்று கத்தினார். நான் கையில் இருந்த கட்டையை டயருக்கு முன்னால் வீசினேன், நின்றது. முக்காலிக் காலுக்கும் பம்பர் கொம்புக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இருந்தது.


சங்ககிரி லாரி வீடு

எல்லாவற்றையும் படித்தேன். டிங்கர் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. கேபின் நல்ல நிலையில் இருந்தால் கதவைக் கழற்றுவதே மேல். கதவோடு தூக்கினால் எடை பக்கவாட்டில் ஏறும், தாழ்ப்பாள் விட்டு நடுவானில் திறந்துகொண்டால் யார் முகத்திலாவது அடிக்கும். மக்கிய கேபினுக்குத்தான் ஆங்கிள் தேவை.

நான் பார்த்தது நெருப்பு. போல்ட் திரும்பவில்லை, நட்டு பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது என்று ஒருவர் கேஸ் கட்டரை எடுத்தார். போல்ட் அறுந்தது. ரப்பர் புஷ் பற்றிக்கொண்டது, மேலே தரைவிரிப்பும் அதன் அடியில் இருந்த பஞ்சும் எரிய ஆரம்பித்தன. சீட்டை மட்டும் கழற்றி வைத்திருந்தார்கள், விரிப்பை விட்டுவிட்டார்கள். கரும்புகையில் கேபினே தெரியவில்லை. டீசல் டேங்க் இரண்டு முழம் தள்ளி. என் சித்தப்பா ஈரச் சாக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், முறையாகச் செய்யுங்கள். பேட்டரியை முதல் நாளே கழற்றி வெளியே வையுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். டீசலை வடித்துவிடுங்கள். மவுண்டிங் போல்ட்டுகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். திரும்பாத போல்ட்டைக் கிரைண்டரில் வெட்டுங்கள். அதிலும் பொறி பறக்கும்தான், ஆனால் ரப்பர் அந்த அளவுக்குச் சூடாகாது. எதுவானாலும் ஒருவர் தண்ணீரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். அப்புறம் கேபினையும் சேசிஸையும் இணைப்பது எதுவெல்லாம் என்று முன்னாலிருந்து பின்னால் போங்கள். ரேடியேட்டரும் மட்கார்டும் தனியாக வந்துவிடட்டும். ஸ்டீயரிங் ராடு ஜாயிண்ட்டைப் பிரிக்கும் முன் மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது வீல் கோணலாக நிற்கும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பைப்பைப் பிரித்து வாயை அடையுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்பீடோ மீட்டர், ஹேண்ட் பிரேக் கேபிள்கள். கியர் லீவர் தரையைத் துளைத்து மேலே வருகிற வண்டி என்றால் லீவரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைத் துணியால் மூடுங்கள். வயரிங்கில் பலர் மறப்பது எர்த் பட்டை. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் கறுத்துப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும்.

பெல்ட் விஷயம் இன்னும் முக்கியம். எடை தூக்கும் தையல் பெல்ட்டுக்கு நிறம் உண்டு, ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். லேபிள் கிழிந்ததைத் தொடாதீர்கள். தகர விளிம்பில் படும் இடத்தில் பழைய டயர் ட்யூபை மடித்து வையுங்கள். பெல்ட்டை அகலமாக விரித்துக் கட்டாதீர்கள். இரண்டு பெல்ட்டுக்கும் நடுவில் 120 டிகிரி வந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். அதோடு கேபின் கூரையை இரண்டு பக்கமும் உள்ளே நசுக்கும். மேலே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அதிலிருந்து பெல்ட்டை நேராக இறக்குங்கள்.

இன்னொன்று. கேபினைத் தூக்கிக்கொண்டு நடக்க நினைக்காதீர்கள். தேவையான உயரம் மட்டும் தூக்கி, கீழே இருந்து சேசிஸை உருட்டி வெளியே எடுங்கள். தூக்கியது அங்கேயே ஸ்டாண்டில் இறங்கட்டும்.


நாகலூர் தோட்டத்துக்காரன்

சங்ககிரி அண்ணா, விவரத்துக்கு நன்றிங்க. ஆனால் நான் கேட்டது கை விஷயம். நீங்கள் எழுதியதையெல்லாம் அந்த மேஸ்திரியும் செய்திருந்தார். பேட்டரி வெளியே, டீசல் வடித்தாயிற்று, எர்த் பட்டையும் கழற்றியிருந்தார்கள். நட்டு கழன்றதால் போல்ட்டும் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள், அந்த ஒன்றுதான். நட்டு போன பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் கீழிருந்து தட்டி, அது உள்ளே அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் சங்கிலியைத் தொடவே கூடாது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. டிங்கர் தம்பி, எங்கள் வண்டியில் கதவு இருந்தது, திறந்து கட்டியிருந்தார்கள்.


கன்னங்குறிச்சி மகள்

நான் மெக்கானிக் இல்லை. அப்பா பிக்கப்பில் உழவர் சந்தைக்குக் காய் ஏற்றுவார். கேபின் வேலை வீட்டு வாசலிலேயே நடந்தது, பட்டறைக்காரர்கள் முக்காலி கொண்டு வந்தார்கள். வயர் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மதியம் கேபின் மேலே போய்விட்டது. சேசிஸை வெளியே தள்ளினார்கள். "சாப்பிட்டுட்டு வந்துடறோம் பாப்பா" என்று சொல்லி எல்லோரும் போய்விட்டார்கள். கேபின் அப்படியே சங்கிலியில், என் நெஞ்சு உயரத்தில். கீழே ஒன்றுமே இல்லை. எங்கள் தெருவில் அது பள்ளிக்கூடம் விடும் நேரம். இரண்டு சின்னப் பசங்கள் பந்து எடுக்கக் கேபின் அடியில் குனிந்து ஓடினார்கள். ஒருவன் நடுவில் நின்று, மேலே பார்த்து, ஓட்டை வழியாக ஸ்டீயரிங் தெரிகிறது என்று மற்றவனைக் கூப்பிட்டான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். பசங்களை இழுத்துவிட்டு, நானும் அக்காவும் வாசலில் கிடந்த தண்ணீர் டிரம்மைக் குறுக்கே உருட்டி வைத்து, கயிறு கட்டி, அவர்கள் வரும் வரை அங்கேயே நின்றோம். வந்ததும் நான் கேட்டேன். "செயின் பிளாக் தானா இறங்காது பாப்பா, லாக் இருக்குது" என்றார்கள். லாக் இருக்கலாம். அந்தச் சங்கிலியில் குழந்தை கை வைத்து இழுத்தால்? முக்காலிக் காலில் வண்டி மோதினால்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஹாலோபிளாக் கல் அடுக்கலாம் என்று ஒருவர் எடுத்து வந்தார். அது எடையில் திடீரென்று உடையும் என்று அவர்களிலேயே இன்னொருவர் தடுத்து, தடிமனான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிக் கேபினை இறக்கினார்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் சாப்பிடப் போகும் முன் செய்திருக்கலாம்.


அம்மாபேட்டை டிங்கர்

பாப்பா சொன்னதுதான் இங்கே முக்கியம். பிளாக், ஜாக்கி இரண்டுமே தூக்குவதற்கு மட்டும். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு சாண் எழும்பும்போதும் கீழே கட்டை ஏறும், அதிலேயே உட்கார்ந்தபடிதான் மேலே போகும். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது, ஆகட்டும்.

சங்ககிரி அண்ணே, கதவு விஷயத்தில் நான் மாற மாட்டேன். பெயிண்ட்டுக்கு மேலே நல்லதாகத் தெரிந்த கேபின்தான் அன்று மடிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் "நல்ல நிலை" என்று யாரும் சொல்ல முடியாது.


சங்ககிரி லாரி வீடு

குத்திப் பார்த்த பிறகு என்று சேர்த்துக்கொள்கிறேன் தம்பி. தோட்டத்துக்காரரே, ஒன்று விட்டுப்போனது. வெல்டிங் வைக்கும்போது சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைக் கிரைண்டர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்தால் எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும்போது ஆர்டிஓ ஆபீஸில் பதில் சொல்ல முடியாது. பழைய புஷ்களை எந்த மூலையில் எது இருந்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள், சில வண்டிகளில் முன் பின் உயரம் வேறாக இருக்கும்.


நாகலூர் தோட்டத்துக்காரன்

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் துணி சுற்றியிருக்கிறார்கள், பார்த்தேன். திங்கள்கிழமை கேபின் திரும்ப இறங்குகிறது. போல்ட் ஓட்டை நேராக வருகிறதா என்று பார்க்க விரலை விடாமல் கூர்க்கம்பி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பையனிடமும் நேரில் சொல்ல நானே போகிறேன்.