மகன் தென் ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்குக் கற்கிறான். சுறாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை

பாளையங்கோட்டை அம்மா:
என் மகன் அடிலெய்டில் முதுகலை படிக்கிறான். சனிக்கிழமைதோறும் மிடில்டன் கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்கிறானாம். பலகையோடு நிற்கும் படத்தை அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. 2023இல் உலகம் முழுவதும் 69 பேரைச் சுறா கடித்ததாக ஒரு செய்தி, 91 என்று இன்னொரு செய்தி. எது சரி? அவனைத் தடுக்கவா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

விலங்கியல் மாணவி:
இரண்டும் சரிதான் அம்மா. கணக்கு வைப்பது புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். தன் போக்கில் நீந்தியவர்கள், அலையில் சறுக்கியவர்கள் கடிபட்டது 69. ஈட்டியால் மீன் குத்தியபோதோ தூண்டிலில் சிக்கிய சுறாவை விடுவித்தபோதோ கடிபட்டவை போன்ற 22 தனிக்கணக்கு.

போர்ட் லிங்கன்:
அக்கா, நான் தூத்துக்குடிக்காரன். ஒன்பது வருடமாக இங்கே, தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில், சூரை மீன் பண்ணையில் வேலை செய்கிறேன். உலகக் கணக்கை வைத்து மகனைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். எந்தக் கடல், எந்தச் சுறா என்று பாருங்கள்.

அந்த 69இல் 16 புளோரிடாவில் நடந்தவை. ஒருவரும் சாகவில்லை. அங்கே கலங்கல் தண்ணீரில் மடவை மீன் கூட்டத்தைத் துரத்தி வரும் சிறிய சுறாக்கள் காலை மீனென்று கவ்விவிட்டு ஓடிவிடும். ஆஸ்திரேலியாவில் கடிபட்டவர்கள் 15 பேர்தான், ஆனால் 4 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் எங்கள் மாநிலத்தில் அலைச்சறுக்கப் போனவர்கள். எங்கள் கடலில் இருப்பது பெரிய வெள்ளைச் சுறா. போர்ட் லிங்கனுக்குத் தெற்கே நெப்டியூன் தீவுகளில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அந்தச் சுறாவுக்கு அவைதான் முக்கிய இரை.

அந்த மூவரில் ஒருவர் அந்த வருடம் மே மாதம் எங்கள் பக்கத்துக் கடலோர ஊரான எலிஸ்டன் அருகே இறந்தார். அன்று பண்ணையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கரைகளில் உயிரைக் குடிப்பது தொலைவும்தான் அக்கா. தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ரத்தம் வடிந்துவிடும். அடிலெய்டின் பெரிய மருத்துவமனைகளோ போர்ட் லிங்கனிலிருந்தே சாலை வழியில் 600 கிலோமீட்டருக்கு மேல். மிடில்டன் அப்படியல்ல. புதிதாகக் கற்பவர்கள் கூடும் இடம், ஊரும் பக்கத்தில் இருக்கிறது. ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதே வருடம் நவம்பரில் அடிலெய்டை ஒட்டிய போர்ட் நோர்லுங்காவில் ஒரு பெண்மணியைக் கடித்தது, அவர் பிழைத்துக்கொண்டார்.

தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் போவான். தனியாகப் போகாதே, விடியலிலும் அந்தியிலும் இறங்காதே, மீன் கூட்டத்தின் மேல் பறவைகள் பாய்ந்தால் உடனே கரையேறு என்று சொல்லுங்கள். நண்பர்களோடு விடுமுறைக்கு எங்கள் பக்கத்து ஒதுக்குப்புறக் கரைகளுக்கு வருவதாகச் சொன்னால், அப்போது மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அம்மா:
தம்பி, இதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். டிசம்பரில் எலிஸ்டன் போக நான்கு பேர் திட்டம் போட்டிருக்கிறார்களாம். இப்போதுதான் வாயைத் திறக்கிறான்.

போர்ட் லிங்கன்:
என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவனைப் பேசச் சொல்லுங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டுவது எப்படி என்று நால்வருக்கும் நேரில் காட்டித் தருகிறேன்.