பழைய கார் வாங்க 5 மாதத்துக்கு மட்டும் கடன்: எந்த வழி கட்டுப்படியாகும்?

நாலுசக்கரம் கேட்டது:

செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று விலை பேசி முடித்தாயிற்று. பெரும்பகுதி பணம் கையில் இருக்கிறது, குறைவது 1,00,000. என் டெபாசிட் ஒன்று இன்னும் 5 மாதத்தில் முதிர்கிறது. 3 வருட டெபாசிட், 31 மாதம் ஓடிவிட்டது, வட்டி 7 சதவீதம், தொகை 1,50,000. ஆக இந்த 5 மாதத்தை மட்டும் ஒப்பேற்ற வேண்டும்.

டீலர் ஏற்பாடு செய்யும் கடன் 7 சதவீதம் ஃப்ளாட், 24 மாதம், தவணை 4,750. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம். முன்கூட்டியே முடித்தால் மீதி அசலில் 5 சதவீதம் கட்டணம். டெபாசிட்டுக்கு வருவதும் 7, கடனுக்குப் போவதும் 7 என்பதால் சரிக்குச் சரி என்கிறார். இன்னொரு பக்கம் 14 சதவீதத்தில் 12 மாத பர்சனல் லோன் கிடைக்கிறது. அதற்கு பிராசஸிங் 1.5, முன்கூட்டி முடிக்க 3 சதவீதம். 14-ஐப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை:

சரிக்குச் சரி இல்லைங்க. ஃப்ளாட் வட்டியில் நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 1,00,000-க்கும் வட்டி போடுவார்கள். 24 மாதத்துக்கு வட்டி 14,000. குறையும் நிலுவைக் கணக்கில், அதாவது அந்தந்த மாதம் மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், இது ஆண்டுக்கு 12.9 சதவீதம். பர்சனல் லோனில் சொல்லும் 14 குறையும் நிலுவைக்கானது. ஒப்பிட வேண்டியது 12.9-ஐயும் 14-ஐயும், 7-ஐயும் 14-ஐயும் அல்ல.

ஆனால் உங்கள் விஷயத்தில் வட்டி விகிதத்தைவிடக் கட்டணம்தான் முக்கியம். 5 தவணை கட்டி, அதோடு டீலர் கடனை முடிப்பதாக வைத்துப் பார்ப்போம். 5 தவணைக்குக் கட்டியது 23,750. அதில் வட்டி சுமார் 4,980, அசல் 18,770. மீதி அசல் 81,230. அதில் 5 சதவீதம் 4,061. பிராசஸிங் 2,000. மொத்தச் செலவு சுமார் 11,040. பிராசஸிங் பிடித்தம் போகக் கைக்கு வருவது 98,000 என்பதையும் சேர்த்துப் போட்டால், ஆண்டுக்கு 28 சதவீதத்தைத் தாண்டுகிறது. 7 என்று வாயால் சொன்ன கடன் இது!

பர்சனல் லோனுக்கு இதே கணக்கு: தவணை 8,979. 5 மாத வட்டி 4,912. மீதி அசல் 60,018, அதில் 3 சதவீதம் 1,801. பிராசஸிங் 1,500. மொத்தம் 8,213. முன்கூட்டி முடிக்காமல் 12 மாதமும் கட்டினால் 9,245. அவசரப்பட்டு முடிப்பதில் மிச்சமாவது 1,032 மட்டுமே.

குறுகிய காலக் கடனில் அடிபடுவது இந்த இடத்தில்தான். 2 சதவீத பிராசஸிங் 36 மாதத்தில் பரவினால் தெரியாது, 5 மாதத்தில் பரவினால் கையைக் கடிக்கும்.

இன்னொன்று, “எப்ப வேணும்னாலும் க்ளோஸ் பண்ணிக்கலாம்” என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். முதல் 6 மாதம் மூட முடியாது என்று லாக்-இன் போட்டிருந்தால் உங்கள் 5 மாதத் திட்டமே நடக்காது. முன்கூட்டி முடிப்பவருக்கு மீதி வட்டியை எந்த முறையில் கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மாத எண்களைக் கூட்டி விகிதம் பிரிக்கும் பழைய முறையில் (1 முதல் 24 வரை கூட்டினால் 300, மீதி 19 மாதத்துக்கு 1 முதல் 19 வரை கூட்டினால் 190, வட்டி 14,000-இல் 300-க்கு 190 பங்கு) உங்களுக்குக் கழிவு 8,867, மீதி 81,383. நான் மேலே போட்டதைவிட சுமார் 150 கூடுதல், பெரிய வித்தியாசம் இல்லை. கழிவே கிடையாது, முழு 14,000 வட்டியும் கட்டு என்று இருந்தால் அந்தக் கடனைத் தொடவே தொடாதீர்கள்.

முதிர்வுத்தேதி:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் இரண்டில் எது என்ற கேள்விக்குள் போகவே தேவையில்லை. டெபாசிட் கையில் இருக்கிறதே, அதன் மேலேயே ஓவர்டிராஃப்ட் எடுங்கள், அதாவது டெபாசிட்டை அடகு வைத்து ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கும் கடன்.

டெபாசிட் வட்டிக்கு மேல் 1 முதல் 2 சதவீதம் வரை வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். 1 என்று வைத்தால் 8 சதவீதம், 5 மாதத்துக்கு 1,00,000-க்கு வட்டி 3,333. அதே 1,00,000 டெபாசிட்டில் கிடந்து 2,917 சம்பாதிக்கிறது. நிகரச் செலவு 417 சொச்சம். 11,040-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 2 சதவீதமாக இருந்தாலும் நிகரச் செலவு 833-தான். பெரும்பாலும் பிராசஸிங்கும் இருக்காது, முன்கூட்டி அடைக்கக் கட்டணமும் இருக்காது.

உடைத்துவிடலாமே என்று தோன்றும். உடைத்தால் ஓடிய 31 மாதத்துக்கும் சேர்த்து வட்டி குறையும். 1 சதவீதம் அபராதம் என்றால்கூட 1,00,000-க்கு 2,583 போகிறது. முதிர்வு நெருங்க நெருங்க உடைப்பது நஷ்டம், அடகு வைப்பது லாபம். டெபாசிட் போட்டு ஒன்றிரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் கணக்கு தலைகீழ், அப்போது உடைப்பதே மேல்.

கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. டெபாசிட்டில் 75 முதல் 90 சதவீதம் வரைதான் வரம்பு தருவார்கள். உங்கள் 1,50,000-க்கு 75 சதவீதமே 1,12,500, அதனால் பிரச்சினை இல்லை. டெபாசிட் போடும்போது ‘தானாகப் புதுப்பி’ என்று டிக் அடித்திருந்தால் முதலில் அதை எடுங்கள். எடுக்காவிட்டால் முதிர்ந்த அன்றே அது மறுபடி 3 வருடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், கடன் பாட்டுக்கு ஓடும். மாதாமாதம் வட்டி அந்தக் கணக்கிலேயே பற்று வைக்கப்படும். வரம்பை விளிம்பு வரை எடுத்திருந்தால் அந்த வட்டி வரம்பைத் தாண்டி அபராத வட்டியில் முடியும். 1,12,500 வரம்பில் 1,00,000 மட்டும் எடுத்தால் 5 மாத வட்டியும் உள்ளேயே அடங்கிவிடும்.

முக்கியமாக, வரம்பை இன்றே வாங்கி வையுங்கள், பணத்தைக் கார் கைமாறும் நாளில் எடுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. தவணைக் கடன் அப்படி இல்லை, பணம் விடுவித்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும், பேப்பர் தயாராகாமல் வண்டி நின்றுகொண்டிருந்தாலும்.

நாலுசக்கரம்:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இரண்டு விஷயம். டெபாசிட் என் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. அப்புறம், விற்பவருக்கு இந்தக் காரின் மேலேயே ஒரு கடன் பாக்கி இருக்கிறது. “நீங்க பணம் குடுங்க, நான் அடைச்சுடறேன்” என்கிறார்.

முதிர்வுத்தேதி:

கூட்டுப் பெயர் என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ‘இருவரில் எவரும்’ என்று இருந்தாலும் கடனுக்கு இருவர் கையெழுத்தும் கேட்பார்கள் என்று நினைத்தே போங்கள்.

பழையவண்டி:

விற்பவர் கடனைப் பற்றி நான் சொல்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் பணத்தை அவர் கையில் கொடுத்து அடைக்கச் சொல்லாதீர்கள். அவர் அடைக்காவிட்டால் கடன் கொடுத்தவர் தேடி வருவது காரை. அது அப்போது உங்கள் வாசலில் நிற்கும்.

அவரிடம் கடன் முடிப்புத் தொகைக் கடிதம் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: கடன் எண், சேசிஸ் எண், எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி. சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள், பதிவுச் சான்றின் நகலைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

பெரும்பாலும் தடுக்குவது தேதியில்தான். 9 சதவீத வட்டியில் 1,00,000 நிலுவைக்கு நாளுக்கு 24.66 ஓடும். கடிதத் தேதி தாண்டி 10 நாள் கழித்துக் கட்டினால் 247 குறையும். அந்த 247-க்காகக் கணக்கு மூடாது, நிலுவையில்லாச் சான்று வராது, பெயர் மாற்றம் நின்றுவிடும். கட்டும் நாளுக்கே புதுக் கடிதம் வாங்குங்கள்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். முடிப்புத் தொகையை நேராக அந்தக் கடன் கணக்குக்கே அனுப்புங்கள், கடன் எண்ணைக் குறிப்பிட்டு. மீதியை நிலுவையில்லாச் சான்றும் பதிவிலிருந்து அடமானக் குறிப்பு நீக்கும் படிவமும் கையெழுத்தோடு வந்த பிறகு விற்பவருக்குக் கொடுங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் யார் தலையில் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் அது சேர்ந்தே வரும், பேசாமல் விட்டால் கடைசி நாளில் அதில்தான் தகராறு. அவருக்கு அதே இடத்தில் வேறு கடன் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கடன் முடிந்தாலும் அந்தப் பாக்கியைக் காட்டிச் சான்றை நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு.

கணக்குப்பிள்ளை:

டெபாசிட் இல்லாதவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இரண்டு வரி. கார் கடன் என்றால் விற்பவர் சொல்லும் விலையில் சதவீதம் போட மாட்டார்கள், கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில்தான். விலை 5,00,000, மதிப்பீடு 4,40,000, அதில் 80 சதவீதம் என்றால் கடன் 3,52,000, நீங்கள் போட வேண்டியது 1,48,000. முன்பணத்தை 1,00,000 என்று எண்ணிக்கொண்டு டோக்கன் கொடுத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மதிப்பீடு வந்த பிறகு டோக்கன் கொடுங்கள்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து ஈடுகட்டலாம் என்ற யோசனை வேண்டாம். பொருள் வாங்கும்போது உள்ள வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் எடுப்புக் கட்டணம் வேறு. மாதம் 3 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 36.