இழை: காஃபீன் ஊக்கமருந்தா?

மொழிபெயர்ப்பவர்:
மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம். ஓட்டப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். போட்டிக்கு ஒரு மணிநேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் காஃபீன் (தேநீரிலும் காப்பியிலும் இருப்பதுதான்) உட்கொண்டால் நெடுந்தொலைவு ஓட்டத்தில் பயனுண்டு என்கிறது ஒரு பாடம். இத்தகைய பொருள்களை 'எர்கோஜெனிக்' என்கிறார்கள். கிரேக்கத்தில் 'எர்கான்' என்றால் வேலை. 'ஊக்கமருந்து' என்று எழுதிவிட்டேன், மனம் ஒப்பவில்லை.

உடற்கல்வி ஆசிரியை:
உடனே எடுத்துவிடுங்கள். ஊக்கமருந்து என்றாலே பதக்கம் பறிபோன செய்திதான் நினைவுக்கு வரும். காஃபீனோ 2004 தொடக்கத்திலேயே தடைப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. அதற்கு முன்புகூட, சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் குற்றம். 'ஆற்றலூக்கி' எனலாமே?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
ஆற்றலை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள் அம்மா. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரில் ஆற்றல் ஏது? மூளைக்குச் சோர்வை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் அமரவேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு உறைப்பதில்லை, அவ்வளவுதான். 'சோர்வுமறைப்பி' என்பேன்.

புலவர்:
மறைப்பி, குறைப்பி என்று காது புண்ணாகிறது. 600ஆம் குறள் 'உரம் ஒருவற்கு' என்று தொடங்குகிறதே! 'உரமூட்டி' என்க. நிற்க, தேயிலை என்பதே தேய்த்துப் பதப்படுத்திய இலை என்பதால் வந்த தூய தமிழ்ச்சொல் என்பது அடியேன் துணிபு.

மொழிபெயர்ப்பவர்:
ஐயா, 'உரமூட்டி' என்றால் மாணவர்கள் யூரியா மூட்டையைத் தேடுவார்கள். தேயிலையின் 'தே' சீனத்து ஃபுஜியன் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறியது. வேரைத் தேய்த்தது போதும். எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியை:
60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராமாவது வேண்டும். ஒரு குவளைத் தேநீரில் ஏறத்தாழ 40தான். நாலைந்து குவளை குடித்துவிட்டு ஓட வந்தால் கழிப்பறைக்குத்தான் முதலில் ஓடவேண்டும். இதையும் கையேட்டில் சேருங்கள். சொல்லுக்கு வருகிறேன்: 'திறன்கூட்டி'. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

புலவர்:
பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். அவ்வாறே 'திறற்கூட்டி' என்றாதல் வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்:
அதை உரக்கச் சொல்வதற்கே ஒரு குவளை தேநீர் வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்:
'திறனூட்டி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். ன-வுக்குப் பின் உயிர் வருவதால் புணர்ச்சிச் சண்டை இல்லை. நால்வர் சரி என்று தனிமடல் போட்டார்கள். இருவர் 'சரி, விடுங்கள்' என்றார்கள். அதையும் ஆதரவாகவே கணக்கிட்டேன்.

புலவர்:
ஊட்டுபவள் தாய், தேநீர் அன்று. என் மறுப்பைப் பதிவுசெய்க. மேலும், தனிக்குறிலுக்குப் பின்னரே வரவேண்டிய ஆய்தம், 'காஃபீன்' என்பதில் நெடிலுக்குப் பின் நிற்கிறது. இதை ஒருவரும் கேட்கவில்லையே! தனி இழை தொடங்குகிறேன்.