மறு: வீட்டுக் கூரையின் ‘கட்டர்’, தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதற்கு நன்றி. வீட்டுப் பராமரிப்புக் கையேட்டின் மொழிபெயர்ப்பு ‘மழைக்கு முன் செய்ய வேண்டியவை’ என்ற பகுதியில் நின்றுபோயிருக்கிறது. கூரை விளிம்புக்குக் கீழே தொங்கி மழைநீரை வாங்கிக் கீழே விடும் கால்வாயைத்தான் ஆங்கிலத்தில் ‘கட்டர்’ (gutter) என்கிறார்கள்; இந்த ஒரு சொல் முடிவானால் மேலே போகலாம். வந்த பரிந்துரைகளை வைத்து யோசித்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘சாக்கடை’ என்றே போடலாமே. அகராதியில் அதுதான் இருக்கிறது.

முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். “மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்யுங்கள்” என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அது பஞ்சாயத்துக்காரன் வேலையில்லா? நாம எதுக்குச் செய்யணும்?” என்று கேட்டார். கூரை அவர் நினைவுக்கே வரவில்லை. வரவும் வராது. தெருவோரம் ஓடுவதற்கும் கூரையோரம் ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் சாக்கடை என்றால் அது தரையில்தான் இருக்கும், அதில் அழுக்கு நீர்தான் ஓடும். கூரையில் ஓடுவது மழைத்தண்ணீர். அதைக் குடத்தில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதைச் சாக்கடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> மழைநீர் வடிகால்

நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. சென்னையில் தெருவோரம் கட்டும் கான்கிரீட் கால்வாய்க்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மழைக்காலம் வந்தாலே செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். அதையே கூரைக்கும் வைத்தால் மறுபடியும் பஞ்சாயத்து வேலைதான்.

> இறவாண வாய்க்கால்

இதை எழுதியவருக்கு என் வணக்கம். ‘எறவாணம்’ என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! “அருவா எறவாணத்துல சொருகியிருக்கு, எடுத்துட்டு வா” என்று தாத்தா சொல்வார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அந்த இடம். கையேட்டில் கூரை விளிம்பைச் சொல்லும் இடத்திலெல்லாம் இறவாணம் என்றே போடப்போகிறேன். ஆனால் அது கூரையின் விளிம்பு. அதற்குக் கீழே தொங்கி நீரை வாங்கிக்கொள்ளும் பொருள் வேறு. ‘இறவாண வாய்க்கால்’ என்று சேர்த்தால் பொருள் சரியாக வருகிறது. ஆனால் அந்தப் பகுதியில் இச்சொல் இருபது தடவை வருகிறது. ‘இறவாண வாய்க்கால் மூடி’, ‘இறவாண வாய்க்கால் கொக்கி’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்குத் தடுக்குகிறது.

அந்தப் பொருளைக் கண்ணில் பார்த்துவிட்டுச் சொல் தேடுவது நல்லது என்று படுகிறது. அதனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. அடுக்களைப் பக்கம் இறவாணத்துக்குக் கீழே தகரத்தில் அரைவட்டமாக வளைத்த ஒன்று ஓடுகிறது. வீட்டில் அதைப் ‘பாத்தி’ என்போம். கேரளத்திலும் அதே சொல்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் அடுக்களைச் சுவரின் மேற்பகுதி உள்பக்கமாக நனைய ஆரம்பித்தது. ஓடு உடைந்திருக்கும் என்று ஆள் ஏற்றிப் பார்த்தோம். ஓடெல்லாம் நன்றாக இருந்தது. மழை விட்டதும் நான் ஏணி வைத்து ஏறினேன். பாத்தி முழுக்கக் கறுப்புச் சேறு. மேலே வேப்பிலை, அடியில் ஓட்டிலிருந்து உதிர்ந்த செந்தூள், நடுவில் காக்கை கொண்டுவந்து போட்ட கம்பித் துண்டுகள். தகரம் சேரும் இடத்தில் ஓர் அரசங்கன்று நான்கு இலை விட்டு நின்றது. அதைப் பிடுங்கினால் வேரோடு ஒரு முழ நீளத்துக்குச் சேறு பாய் மாதிரி உரிந்து வந்தது.

தண்ணீர் போக வழியில்லாமல் பாத்தியின் பின்விளிம்பைத் தாண்டிச் சுவர்த்தலைக்கு வழிந்திருக்கிறது. கூரை ஓடுகளைத் தாங்கும் கைமரத்தின் நுனியை விரலால் அழுத்தினேன், ரொட்டி மாதிரி உள்ளே போனது. மூன்று கைமரங்களை மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் ஓதம் இறங்கி, காய்ந்த பிறகு உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரையின் அந்தச் சரிவு ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர் அந்த ஒரு தகரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் அத்தனையும் சுவருக்குத்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘பாத்தி’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் குமரியைத் தாண்டினால் பாத்தி என்றதும் கத்தரி நடும் பாத்திதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர்கள் இதைப் ‘பீலி’ என்கிறார்கள். இரண்டே எழுத்து. இன்றும் வாயில் புழங்குகிற சொல். பீலிக் கொக்கி, பீலி மூடி, பீலிக்குழாய் என்று எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. என் பரிந்துரை ‘பீலி’. நாமாக ஒன்றை உருவாக்குவதைவிட, நம் மொழியிலேயே இன்னொரு கரையில் உயிரோடு இருப்பதை எடுத்துக்கொள்வது மேல் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதுவரை எல்லோரும் பெயர்ச்சொல்லைப் பற்றியே பேசியிருக்கிறோம். வினைச்சொல்லுக்கு ஒருவரும் வரவில்லை. ‘பீலியைச் சுத்தம் செய்தல்’ என்று எழுதினால் துணியால் துடைக்கிற வேலை மாதிரி இருக்கிறது. செய்வது என்ன? படிந்ததை அள்ளி வெளியே எடுக்கிறோம். அதுவும் மழைக்கு முன்னால். இதையே கிணற்றுக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் செய்கிறோம், அதற்குத் ‘தூர்வாருதல்’ என்று சொல் வைத்திருக்கிறோம். கோடையில் தண்ணீர் வற்றியதும் தூர்வார வேண்டும், மழை வந்த பிறகு வாரிப் பயனில்லை என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். ‘பீலி தூர்வாருதல்’ என்றால் என்ன செய்வது, எப்போது செய்வது என்ற இரண்டையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

——

வணக்கம் தம்பி,

எங்கட சொல்லை எடுத்தது சந்தோசம். நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் எப்போதும் பீலிதான். மாரி தொடங்க முன்னம் அப்பா ஏணி வைத்து ஏறுவார், நாங்கள் கீழே நின்று வாளி பிடிப்போம். இப்போது டெங்குப் பயத்தால் அந்த வேலை இன்னும் கவனமாக நடக்கிறது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறக்கத் தொடங்கிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பீலியையும் அண்ணாந்து பார்ப்பார். கையேட்டில் சுவர் ஓதத்தோடு இதையும் சேர்த்து எழுதுங்கோ.

ஆனால் ஒரு விசயம். இங்கே மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பக்கம், பீலி என்றால் வேறு. அங்கே ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகவோ மூங்கில் வழியாகவோ விழவிட்டு, சனம் குளிக்கிற, குடத்தில் பிடிக்கிற இடம்தான் பீலி. ‘பீலிக்கரைக்குப் போறன்’ என்பார்கள். என்ர சிநேகிதி ஒருத்தி பதுளைப் பக்கம். ‘பீலி தூர்வாருங்கள்’ என்று நீங்கள் எழுதியதை அவளுக்குக் காட்டினேன். தோட்டத்துப் பீலிக்கரையைத் துப்புரவாக்கச் சொல்கிறீர்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அதனால் முன்னுக்குக் ‘கூரை’ சேர்த்தால் நல்லது. கூரைப்பீலி.

——

ஐயா,

நான் பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், கட்டடப் பொறியாளர். இரண்டு கருத்துகள்.

ஒன்று, தமிழ்நாட்டில் பீலி என்றால் மயிலிறகு. பள்ளிக்கூடத்தில் குறள் படித்த எல்லோருக்கும் அதுதான் தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் மொட்டைமாடி வீட்டில் இருக்கிறார்கள். அங்கே தொங்கும் கால்வாயே கிடையாது. கைப்பிடிச் சுவரின் மூலையில் ஓர் ஓட்டை, அதிலிருந்து ஒரு குழாய், அவ்வளவுதான். அதை எந்தச் சொல்லால் சொல்வீர்கள்? 1,000 சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஓட்டை அடைத்துக்கொண்டு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் நாலரை டன்னுக்கு மேல் பாரம். பாரத்தைத் தளம் தாங்கிவிடும். ஆனால் தேங்கிய நீர் மாடியில் பதித்த தட்டோட்டின் இணைப்பு வழியாக இறங்கித் தளத்துக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால், கம்பி துருவேறிப் பருக்கும், அது பருத்தால் அடிக்காரை வெடித்து விழும். நான் பார்த்த கூரைப் பழுதுகளில் பாதிக்கு மேல் ஆரம்பம் அந்த மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு இலையும்தான். தண்ணீர் ஓடுவதற்கான சரிவை, அதாவது வாட்டத்தை, மேஸ்திரி சரியாக விட்டிருந்தாலும் வாய் அடைத்தால் வாட்டத்தால் என்ன பயன்?

——

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இரண்டு மடலும் என் வேலையைத் திருத்திவிட்டன.

அக்கா, ‘கூரைப்பீலி’ என்றே வைத்துக்கொள்கிறேன். பதுளைச் சிநேகிதிக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். ஒரு பத்தியில் முதல் தடவை கூரைப்பீலி, அதற்குப் பிறகு வெறும் பீலி. நுளம்பு பற்றியும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். தமிழ்நாட்டு வாசகருக்காகக் கொசு என்று எழுதியிருக்கிறேன்.

ஐயா, மயிலிறகைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் ஏணி, சேறு, மழை இவற்றுக்கு நடுவில் வரும் பீலியை யாரும் மயிலிறகு என்று படிக்கமாட்டார்கள். ‘கூரை’ முன்னால் நிற்பதும் துணை.

மொட்டைமாடி விஷயத்தில் நான் தவறிவிட்டேன். மூல நூல் சரிவுக் கூரை உள்ள நாட்டில் எழுதியது. நான் அப்படியே பின்னால் போய்விட்டேன். மாடி மூலை ஓட்டைக்குத் ‘தூம்பு’ என்ற சொல் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஏரி நீர் வெளியேறும் வழிக்கு நம்மிடம் இருக்கும் பழைய சொல், அதே வேலை. ‘மாடித்தூம்பு’. கூரைப்பீலிக்கும் மாடித்தூம்புக்கும் கீழே இறங்குவது ஒரே பொருள் என்பதால் இரண்டுக்கும் ‘இறங்குகுழாய்’. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து பல வீடுகளில் அந்தக் குழாய் நேராக வடிகட்டும் தொட்டிக்குத்தான் போகிறது. மாடியில் வாராமல் விட்ட இலை கடைசியில் அந்தத் தொட்டியின் மணலில் போய் அடைக்கிறது. ஆகவே அதையும் இதே பகுதியில் சேர்க்கிறேன்.

செய்முறையை இப்படி எழுதியிருக்கிறேன். இறங்குகுழாயின் வாய்ப் பக்கமிருந்து தொடங்கிக் கையால் வாரிக்கொண்டே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது, சேறெல்லாம் இறங்குகுழாயின் வளைவில் போய் உட்கார்ந்துவிடும். அரைவட்டப் பீலிக்குச் சிரட்டை போல வேறு கருவி கிடையாது, வளைவுக்கு வளைவு அப்படியே பொருந்தும். வாரி முடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேல்முனையில் ஊற்றி, எங்காவது தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருந்தால் தேங்காது. தேங்கினால் அந்த இடத்துக் கொக்கி தொய்ந்திருக்கிறது என்று பொருள். ஏணியை ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் ஏறக் கூடாது.

எப்போது என்பதை ஊருக்கு ஏற்றபடி பிரித்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை மட்டும் பெறும் ஊர்களில் புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை. எங்கள் குமரி மாதிரி இரண்டு மழையும் பெறும் இடங்களில் வைகாசித் தொடக்கத்தில் இன்னொன்று.

‘தூர்வாருதல்’ பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை அப்படியே வைக்கிறேன். இலை விழாமல் பீலியின் மேல் விரிக்கும் கம்பிவலைக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘பீலி வலை’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அதைப் போடுகிறார்களா அக்கா? என்ன சொல்லிக் கடையில் கேட்பீர்கள்?